கரை தெரிந்தால் தோஷமில்லை

மே மாதம் பிறந்தால் இந்த ஊரில் தார் கொதிக்கும். மழைக்கு முன்னால் ரோட்டுக் குழிகளை மூடிவிட வேண்டும் என்று முனிசிபாலிடிக்கு வருஷா வருஷம் ஓர் அவசரம். நேற்றும் பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் தெருமுனையில் பீப்பாய் வைத்துக் காய்ச்சினார்கள். ஜன்னலைச் சாத்தச் சொல்லி வீட்டில் சத்தம். நான் சாத்தவில்லை. அந்தப் புகை மூக்கில் ஏறியதும் காலடித் தரை லேசாகச் சாய்கிறது. தரை பலகையாகிறது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே அடைத்த தார் வெயிலில் இளகிப் பளபளக்கிறது. அதில் ஒரு நீலப் புடவையின் கொசுவம் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.

“போச்சுடா. இனிமே இது போகாது,” என்கிறாள் அக்கா. குரலில் வருத்தம் ஒரு துளி இல்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்காவுக்கு முப்பது தாண்டியிருந்தது. ஃபோர்ட்டில் ஓர் ஆபீஸில் ஸ்டெனோ. அப்பா அம்மா இல்லாத எங்கள் இருவரையும் பெரியப்பாவும் பெரியம்மாவும் தங்கள் இரண்டு ரூமுக்குள் வைத்து வளர்த்தார்கள். பெரியப்பா நல்லவர். நல்லவர்களிடம் மாட்டேன் என்று சொல்வதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். அது அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த நாளில் எங்கள் பில்டிங்கில் பயணம் என்றால் ஊர். வேறு அர்த்தம் கிடையாது. ஊர் என்றால் பாலக்காட்டுப் பக்கம் அவரவர் கிராமம். மே மாதம் வந்ததும் மாடிப்படியெல்லாம் படுக்கை சுருட்டிய ஹோல்டால் உருளும். இட்லியில் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டுவார்கள். முதல் வேளைக்கு அது, அடுத்ததற்குப் புளியஞ்சாதம், அப்புறம் தயிர்சாதம். திருகுமூடி போட்ட பித்தளைக் குஜாவில் வீட்டுத் தண்ணீர். வழித் தண்ணீர் ஆகாது, தொண்டை கட்டும். தண்ணீர் மட்டுமா, வழியில் வரும் ஊர்களே எங்களுக்கு ஆகாது. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து பார்த்தோமே தவிர ஒன்றிலும் இறங்கியதில்லை. ரெய்ச்சூர் என்றால் ஒரு பிளாட்ஃபாரம். குண்டக்கல் என்றால் இன்னொரு பிளாட்ஃபாரம். இத்தனை பெரிய தேசம் எங்களுக்கு இரண்டு முனை மட்டும் உள்ள ஒரு கயிறு.

ஊர் இல்லாவிட்டால் கோயில். பழனி, குருவாயூர், துணிந்தவர்களுக்குக் காசி. மூன்றாவதாக ஒன்று உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. பார்ஸிக்காரர்களும் குஜராத்திகளும் கோடையில் மாத்தேரானுக்கும் மகாபலேஷ்வருக்கும் ‘சேஞ்சுக்கு’ப் போவார்கள். அதை நாங்கள், பார்ஸிக்காரர்கள் முட்டை சாப்பிடுவதைப் போல, அவர்கள் வழக்கம் என்று விட்டுவிட்டோம்.

அக்காவின் மே மாதங்கள் ஊரில் ஒரு பாயில் கழிந்தன. பட்டுப்புடவை, ஒரு பாட்டு, எதிரே நாலு பேர். அந்த வருஷம் வரன் ஒரு கோர்ட் குமாஸ்தா. மனைவி தவறிப்போய், இரண்டு குழந்தைகள். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணைப் பார்ப்பது ஒரு சாக்கு, பார்த்த கையோடு நிச்சயம் என்று இரண்டு பக்கத்திலும் பேசியாகிவிட்டது. இந்தத் தடவை ஊருக்கு ரயில் ஏறினால் அக்கா பம்பாய்க்குத் திரும்பி வருவது வேலையை விட்டு நின்றுகொள்ளத்தான்.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புமாத் தட்டை வைத்துக்கொண்டு சொன்னாள்: “ஊருக்குப் போறதுக்கு முன்னாடி நாலு நாள் நான் சேஞ்சுக்குப் போயிட்டு வரேன்.”

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “யாருக்கு உடம்பு?”

“யாருக்கும் இல்லே.”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லேன்னா எதுக்குடி சேஞ்ச்?”

அக்காவின் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒரு மராட்டிப் பெண். அவள் அம்மா கொங்கணக் கரையில், ரத்னகிரிக்கு முன்னால் ஒரு சின்னத் துறையில் தனியாக இருக்கிறாள். வா, வந்து தங்கு என்று மூன்று வருஷமாகக் கூப்பிடுகிறாள். பாவுச்சா தக்கா என்கிற துறையிலிருந்து காலையில் கப்பல், பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். இதெல்லாம் அக்கா சொல்லச் சொல்லப் பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். ‘கப்பல்’ என்ற இடத்தில் அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“கடல் தாண்டறதாக்கும் அது?”

“தாண்டலே, பெரியப்பா. ஓரமாப் போறது.”

“ஓரமா எவ்வளவு ஓரமா?”

பெரியப்பா சாயங்காலமே போய் சாஸ்திரிகளைக் கேட்டு வந்தார். சாஸ்திரிகள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு யோசித்தாராம். “தாண்டறதுன்னா இந்தக் கரையை விட்டு அந்தக் கரைக்குப் போறது. இது ஒரே கரை. கரை கண்ணுக்குத் தெரிஞ்சுண்டே போனா தோஷமில்லே. மறைஞ்சுதுன்னா, அப்புறம் யோசிக்கணும்.”

ஆக அனுமதி கிடைத்தது. தம்பி கூடப் போக வேண்டும். வெள்ளிக்கிழமைக் கப்பலில் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வண்டி, டிக்கெட் வாங்கியாயிற்று. பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கரை தெரியறதான்னு பாத்துண்டே இருடா,” என்றார். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்து, “அவளையும் பாத்துக்கோ,” என்றார்.

கிளம்புகிற அன்று எதிர் ரூம் மாமி ஒரு காலி மருந்து பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தாள். பில்டிங்கில் யார் பயணம் போனாலும் மாமிக்குத் தீர்த்தம் கொண்டுவந்தாக வேண்டும்.

“எந்தக் கோயில்டி?”

“கோயிலுக்குன்னு போகலே, மாமி.”

“கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்னு சொல்லியிருக்காளே!”

“குடியிருக்கப் போகலியே. நாலு நாள் பாத்துட்டு வரேன்.”

“வாய் மட்டும் இருக்கு,” என்று மாமி பாட்டிலை என் பைக்குள் செருகினாள். “எந்த சுவாமியானாலும் சரி. நேக்கு பேதமில்லே.”

தக்காவில் மீன் கூடைகளும் மூட்டைகளும் மனிதர்களும் ஒரே பாதையில் ஓடினார்கள். கப்பலில் சீட்டு நம்பர் இருக்கும், ரயில் மாதிரி, என்று நான் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீழ்த்தட்டில் நம்பராவது ஒன்றாவது! முதலில் துணி விரித்தவனுக்கு இடம். எங்கள் ஹோல்டாலை நான் அவிழ்ப்பதற்குள் தட்டு நிரம்பிவிட்டது. குஜாவைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“ஏ தம்பி, இங்கன வா. தங்கச்சியையும் கூப்பிடு.”

திருநெல்வேலிக் குரல். தாராவியில் செருப்புப் பட்டறை வைத்திருப்பவர். மழைக்கு முன்னால் துறை துறையாக இறங்கிச் சந்தையில் செருப்பு விற்றுவிட்டு வருவாராம். தன் மூட்டைகளை நெருக்கி எங்களுக்கு இடம் செய்தார்.

“அங்க என்ன விசேசம்? கல்யாணமா?”

“இல்லே,” என்றாள் அக்கா.

“கோயில் கொடையா?”

“இல்லே. ஊரைப் பாக்கப் போறோம்.”

“ஊரைப் பாக்கவா? கைக்காசு போட்டா?” அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. “நானும் இந்தக் கரையில அம்புட்டு ஊரும் எறங்கிட்டேன், தங்கச்சி. எந்த ஊர்ல என்ன இருக்குன்னு கேட்டா தெரியாது. ஆளுக காலைத்தான் பாக்கேன்.”

கப்பல் நகர்ந்தது. பம்பாய் முதலில் கட்டடமாக இருந்து, பிறகு புகையாகி, பிறகு ஒரு சொல்லாக மட்டும் மிஞ்சியது. இடது பக்கம் கரை கூடவே வந்தது, பழுப்பாக, ஒரு நாய் மாதிரி. நான் என் கடமையைச் செய்தேன். மலை தெரிகிறது, சரி. தென்னை தெரிகிறது, சரி. புளியஞ்சாதம் சாப்பிடும்போதுகூட இடது பக்கம் பார்த்தபடியே சாப்பிட்டேன்.

உச்சி வெயிலில் அது நடந்தது. கடலிலிருந்து ஒரு வெள்ளைப் புழுக்கம் எழுந்தது. மஞ்சும் இல்லை, மேகமும் இல்லை. வெயிலே கொதித்து ஆவியானது போல. ஒரு கவளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கரை இல்லை. எழுந்து ஓடினேன். வலது பக்கமும் பார்த்தேன், என்ன புத்தியோ. எங்கேயும் இல்லை.

“என்னத்த தொலச்சிய, தம்பி?” என்றார் செருப்புக்காரர்.

“கரையைக் காணும்!”

“அது கெடக்கும்லா. எங்க போவும்?”

அக்கா வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “நெஜமாவே இல்லியா? நன்னாப் பாரு.”

“இல்லே, அக்கா. சாஸ்திரிகள் மறைஞ்சா யோசிக்கணும்னாரே.”

“அப்போ தாண்டிட்டோம்,” என்றாள்.

அந்தச் சொல்லோடு அவள் முகத்தில் வந்ததை எப்படி எழுதுவது? எத்தனையோ வருஷமாகப் பார்த்த முகம்தான். ஆபீஸிலிருந்து எட்டு மணி லோக்கல் ரயிலில் பிழிபட்டு வரும் முகம், பாயில் உட்காரும்போது பெரியம்மா பவுடர் போட்டுவிடும் முகம். அதற்குள்ளிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவளை எனக்கு அறிமுகமில்லை. அக்கா நிழலை விட்டுக் கப்பலின் முன்பக்கம் நடந்தாள். வெயிலில் நின்றாள். அப்போதுதான் அந்தப் புடவை தாரில் ஒட்டியது. சற்று நேரத்தில் கரை திரும்பி வந்துவிட்டது. மலை, தென்னை எல்லாம் இருந்த இடத்திலேயே. அக்கா மட்டும் முன்பக்கத்திலிருந்து திரும்பி வரவில்லை.

துறையில் கப்பல் கரையைத் தொடாது. தூரத்திலேயே நிற்கும். படகு வந்து ஏற்றிக்கொள்ளும். படகும் கடைசிவரை போகாது. தொடையளவு தண்ணீரில் நின்றுவிடும். அங்கிருந்து ஆட்கள் தோளில் தூக்கிக் கரையில் வைப்பார்கள். என்னை ஒருவர் அரிசி மூட்டை போலத் தோளில் ஏற்றிக்கொண்டார். நான் குஜாவை மார்போடு அணைத்திருந்தேன். அக்காவுக்கு முன்னால் இன்னொருவர் முதுகைக் காட்டி நின்றார். அவள் தலையை ஆட்டினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள், புடவையைச் செருகினாள், குதித்தாள். அலை இடுப்புவரை நனைத்தது. தோளின்மேல் உட்கார்ந்து நான் பார்க்க, நனைந்தபடி எனக்கு முன்னால் கரையேறினாள்.

அந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த கோடையில் நீங்கள் போவீர்கள். கோயில் இருந்தது, அதுவும் மாமிக்குத் தெரிய வேண்டாம். இடிந்த கோட்டை ஒன்று, தண்ணீருக்குள் பாதி சரிந்தது. வலை காயும் மணல். முந்திரி மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. அந்த வீட்டு அம்மாளை, அக்காவின் ஆபீஸ் சிநேகிதியின் அம்மாவை, எல்லோரும் ஆயி என்றார்கள், நாங்களும் அப்படியே. மீசைக்காரர்களை அதட்டிக் கூப்பிடும் குரல், முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிய சேலை. எங்களுக்காக இரண்டு நாள் முன்பே வீட்டில் மீன் சமைப்பதை நிறுத்தியிருந்தாள். அக்காவுக்கு எத்தனை வயது, ஏன் இன்னும் ஆகவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் தட்டு வைக்கும்போது ஒரே ஒரு கேள்வி: “ஆஜ் காய் பாஹிலஸ்?” இன்றைக்கு என்ன பார்த்தாய்?

அக்கா தன் பம்பாய் மராட்டியில் சொல்வாள். நண்டு ஓடிய தடம். கோட்டைக்குள் மண்ணில் புதைந்த பீரங்கி, அதன் வாய்க்குள் ஒரு மைனாக் குடும்பம். கடல் உள்வாங்கும்போது கூழாங்கற்கள் ஒன்றோடொன்று பேசும் சத்தம். ஆயி தலையாட்டிக் கேட்பாள், தன் சொந்த ஊரைப் பற்றி முதல் தடவையாகக் கேட்பது போல.

குஜாத் தண்ணீர் இரண்டாம் நாள் காலையில் தீர்ந்தது. அக்கா கிணற்றில் இறைத்து, கையில் ஏந்திக் குடித்தாள். “இனிக்கறதுடா!” நான் மத்தியானம் வரை தாக்குப்பிடித்தேன். பிறகு குடித்தேன். தொண்டை கட்டவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். நாளைக்குக் கப்பல். நான்தான் ஆரம்பித்தேன். “அக்கா, அவர் ரெண்டு குழந்தைகள் உள்ளவர்னு கஷ்டமா இருக்கா?”

“குழந்தைகள் என்னடா பண்ணித்து? அவரும் நல்லவராவே இருப்பார்.” கல்லில் ஒட்டிய சிப்பியை நகத்தால் நெம்பிக்கொண்டே பேசினாள். “அந்தாத்து ஜன்னல் எனக்குத் தெரியும். அதுல நின்னா என்ன தெரியும்னும் தெரியும். குளத்துப் படி, அரசமரம், போறவா வரவா. நாற்பது வருஷம் அதையே பாக்கலாம். பாக்கறவா பாக்கறா. நான் இன்னும் ரெய்ச்சூர்ல இறங்கினதே இல்லியேடா.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சிப்பி கையோடு வந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப அந்த இடத்திலேயே வைத்து அழுத்தினாள், ஒட்டும் என்பது போல.

பிறகு வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை நான் முடிக்க வேண்டிய இடம் அந்தத் துறையின் தண்ணீருக்குள் இருக்கிறது.

பம்பாயில் நான் தனியாக வந்து நின்றதைப் பார்த்துப் பெரியம்மா அழுதாள். பெரியப்பா என் முதுகுக்குப் பின்னால் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். “கரை தெரிஞ்சுதா?” என்றார். “தெரிஞ்சுது,” என்றேன். சட்டைப் பையிலிருந்து ரயில் டிக்கெட்டுகளை எடுத்து ஒன்றைப் பிரித்து வைத்தார். குமாஸ்தாவுக்கு அதே மாசம் வேறு இடத்தில் முடிந்தது, சௌக்கியமாக இருக்கிறார்கள். மாமி பாட்டிலைத் திறந்து தலையில் தெளித்துக்கொண்டு, நாக்கிலும் ஒரு சொட்டு விட்டாள். “உப்பா இருக்கேடா!” “கடல் தீர்த்தம், மாமி.” “ராமேஸ்வரம் மாதிரியா? பேஷ்.” ஜூன் முதல் மழையில், கப்பல் நின்றுவிட்டதால், அக்கா சர்க்கார் எஸ்.டி. பஸ்ஸில் மலையேறி வந்து சேர்ந்தாள், கறுத்து, பையில் காய்ந்த கோக்கம் புளியும் தலையில் ஈரமுமாக. பெரியப்பா பல நாள் அவளோடு பேசவில்லை. ஒரு நாள் காபி குடிக்கும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “அங்கே தண்ணி எப்படி?” என்றார். அக்கா சொல்ல ஆரம்பித்தாள். சாயங்காலம் வரை சொன்னாள்.

அடுத்த வருஷம் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு குடும்பம் அந்தக் கப்பலில் போயிற்று. அதற்கடுத்த வருஷம் மாமியே கேட்டாள். மெல்ல மெல்லப் படிக்கட்டில் கேள்வி மாறியது. எந்தக் கோயில் என்று கேட்டவர்கள், எங்கே தங்கினேள், என்ன பாத்தேள் என்றார்கள். இப்போது பேரன் பேத்திகள் எங்கெங்கோ போகிறார்கள், குஜா இல்லாமல், தோஷம் பார்க்காமல். பஸ்ஸில் பாட்டுப் போட்டுக் கூட்டமாக டூர் போகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிற வயது எனக்கு வந்துவிட்டது, சுளிப்பதில்லை. அதில் ஏதோ ஒரு ஜன்னலில் ஒருத்தி இருப்பாள். அக்கா போன டிசம்பரில் கட்ச் பக்கம் உப்புப் பாலைவனம் பார்த்து வந்தாள். ஒரு வருஷம் ஊருக்குப் போகிற வழியில் ரெய்ச்சூரில் இறங்கி இரண்டு நாள் இருந்தாள். அங்கேயும் கோட்டை இருக்கிறதாம். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஹோல்டாலில் என் துணி மட்டும் இருந்தது. நான் பார்த்தேன், கேட்கவில்லை. கப்பல் தூரத்தில் ஊதியது. ஆயி எங்களோடு வராமல் வாசலிலேயே நின்றுகொண்டாள். மணலில் நடக்கும்போது அக்கா சொன்னாள்: “லீவு பாக்கி இருக்கு. அதை நான் இங்கேயே கழிச்சுக்கறேன். திரும்பி வந்து வேலைக்குப் போவேன். ஊருக்கு வரலேடா. பெரியப்பாகிட்ட என் டிக்கெட்டைக் கான்சல் பண்ணச் சொல்லு.”

நான் அவளைப் பத்திரமாகக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன். கையைப் பிடித்து இழுத்திருந்தால் வந்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான். கையைப் பிடித்தேன். உள்ளங்கையில் கிணற்றுக் கயிற்றின் தழும்பு, புதுசு, சிவப்பாக. விட்டுவிட்டேன்.

தோள்காரர் என்னைத் தூக்கிக்கொண்டார். அவள் தண்ணீருக்குள் பின்னாலேயே வந்தாள், ஒரு கையில் குஜா, மறு கையில் கடல்தண்ணீர் நிரப்பிய மாமியின் பாட்டில். அந்த நீலப் புடவை, கொசுவத்தில் கறுப்புத் தார். என்னைப் படகில் உட்கார வைத்தார்கள். அலை அவளைத் தூக்கித் தூக்கி இறக்கியது.

“கரை தெரிஞ்சுதான்னு கேப்பார், அக்கா.”

“தெரிஞ்சுதுன்னு சொல்லு. பாவம்.”

பாட்டிலை என் மடியில் வைத்தாள். பிறகு குஜாவைத் தூக்கி நீட்டினாள். வாங்கினேன், லேசாக இருந்தது. படகுக்காரர் கழியை ஊன்றிவிட்டார். நான் அதை அவள் பக்கமே திருப்பி நீட்டினேன், வைத்துக்கொள் என்று.

அவள் இரண்டு கையையும் விரித்துச் சுற்றிலும் காட்டிச் சிரித்தாள். “வேண்டாம்டா, எடுத்துண்டு போ. எனக்கு இங்கே தண்ணி இருக்கு.”